மூன்றாம் ஓலை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் செவிலிமேட்டில் சத்யராஜ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர், வெளியே ஒருவர். அவர்கள் உட்கார்ந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் யாரும் விரும்பிய இடத்தில் உட்கார முடியாது. கூடத்தில் முக்கால் பங்கைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த இடத்தில்தான் மனிதர்கள்.

மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த ஒரே நாற்காலியில் பங்குச் சாமியார். அவருக்கு இடப்பக்கம் இரும்புப் பெட்டியின் மேல் சத்யராஜ். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். மனசு சரியில்லாதபோது அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். இப்போது தேடிக்கொண்டிருந்தது. வேறு இடம் இல்லாததால் அவர் மனைவி வடிவு தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்யும்போது இரண்டாவது ஆள் உட்காருகிற பக்கப் பலகையில் மகன் கலைவாணன். மாடிப்படியின் மூன்றாவது படியில் அத்தை மகள் திரிஷா, கையில் போனோடு. வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அத்தை காந்தா. குறையோடு வந்த தங்கச்சி அண்ணன் வீட்டுக்குள் முழுசாக வந்து உட்கார மாட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் புருஷன் தனசேகரன் வெளியே புங்க மரத்தடியில் பைக்கின் மேல் உட்கார்ந்து, எதுவும் காதில் விழாதவர்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கலைவாணனுக்கு இருபத்தேழு வயது. குருமடத்தில் சேர்ந்து ஒன்பது வருடம். அங்கே அவன் பிரதர் கலை. ஞானஸ்நானப் புத்தகத்தில் பிரான்சிஸ் கலைவாணன். கலைவாணன் என்கிற பாதியை வைத்தவள் அத்தை. சத்யராஜ் வடிவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி முப்பது வருடம் ஆகிறது. காந்தாவுக்கு ஏனாத்தூர் கங்கையம்மன்தான். இத்தனை வருடத்தில் சாமி பேரைச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததில்லை. வந்த சண்டை எல்லாம் கறிக்குழம்பில் யாருக்கு எலும்பு அதிகம் போனது என்பதற்காகத்தான்.

காலையில் நடந்தது இதுதான். கல்யாணத்துக்குப் போலவே குருப்பட்டத்துக்கும் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் திருத்தொண்டர் பட்டம் கேட்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. குருவாவதற்கு முந்தின படி அது. அந்தப் படியிலேயே, எனக்குக் கல்யாணம் இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் கோவிலில் இருமல்கூட எழவில்லை. மூன்றாம் ஓலை என்பதால் வடிவு சொந்தக்காரர்களை எல்லாம் போன் போட்டு அழைத்திருந்தாள். ஆடி மாதத்து மஞ்சள் சேலையோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த காந்தா, சாமியார் காகிதத்தை மடிப்பதற்குள் எழுந்து நின்றாள்.

“இருக்குது சாமி” என்றாள்.

அந்தக் கோவிலில் எத்தனையோ ஓலைகள் வாசித்திருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. பாட்டுக் குழுவில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு கலைவாணன் நின்றிருந்தான். ஆச்சரியம் என்னவென்றால், அவனுக்குப் பயமாக இல்லை. அத்தை அடுத்து என்ன சொல்வாளோ என்று அவனும் மற்றவர்களைப்போல் முன்னால் சாய்ந்து காத்திருந்தான்.

அவள் சொன்னது மொறை. அவனுக்கு முதல் மொட்டை அடித்துக் காது குத்தினபோது, ஊரே பார்க்க, காந்தாவின் வயிற்றில் அப்போது இல்லாத பிள்ளைக்கு அவனைப் பேசிவைத்தது. சத்யராஜே வாயால் சொன்னது.

“சொன்னியா இல்லியாண்ணா, அத மட்டும் சொல்லு” என்று இப்போது வாசற்படியிலிருந்து கேட்டாள்.

சத்யராஜ் பிரேக்கை அழுத்தினார். சொன்னேன் என்றார். அன்றைக்குக் கொஞ்சம் தண்ணி சாப்பிட்டிருந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். சாப்பிட்டுச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே என்றாள் தங்கை. வாசலில் தனசேகரன் ஆமாம் என்பதுபோல் ஒருமுறை இருமினார்.

வடிவுக்குக் கோபம். நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டு நீங்களே ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள் என்று சாமியாரிடம் கெஞ்சினாள். சாமியார் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றையும் மெதுவாக, அடுக்கடுக்காகச் சொல்கிறவர். ஆயர் இல்லத்திலிருந்து வந்திருக்கிற படிவத்தில், ‘ஓலை வாசித்தபோது எவரேனும் மறுப்புத் தெரிவித்தனரா’ என்று ஒரு வரி இருக்கிறது. முந்நூறு பேர் முன்னால் ஒரு அம்மா எழுந்து நின்றிருக்கிறார். இல்லை என்று எழுதினால் அது பொய். ஆமாம் என்று எழுதினால் என்ன மறுப்பு என்று அவர் கைப்படவோ கையெழுத்தோடோ இணைக்க வேண்டும். கல்யாண வாக்கு என்று கண்டால் ஆயர் நிறுத்தி விசாரிப்பார். இந்த வருடப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் படிவமும் பிரதர் தன் கையால் எழுதிய விண்ணப்பமும் போய்ச் சேராவிட்டால் அடுத்த வருடம்தான்.

“அவங்க நம்ம சபையே இல்லியே சாமி” என்றாள் வடிவு.

“தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேட்டது நாம. யார் சொன்னாலும் சொன்னதுதான்மா.”

காந்தாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. உள்ளே இருந்த காலை ஒரு சாண் இன்னும் உள்ளே வைத்தாள். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். யார் எழுதுவது என்பதில் சிக்கல் வந்தது. அவளுக்குக் கையெழுத்து மட்டும் வரும். வடிவு மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமியார் எழுதுவது முறையல்ல. வேண்டுமானால் போனில் அடித்துத் தருகிறேன் என்ற திரிஷாவை எல்லோரும் முறைத்தார்கள்.

“நான் எழுதுறேன் அத்த” என்றான் கலைவாணன்.

வடிவு, “உனக்கின்னா பைத்தியமாடா?” என்றாள்.

அவனுக்குக் கையெழுத்து அழகு. குருமடத்தில் விழா அட்டை எல்லாம் அவன்தான் எழுதுவான். பக்கப் பலகையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, ‘மேதகு ஆயர் அவர்களுக்கு’ என்று தொடங்கினான். வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. வடிவு பழக்கத்தில் எழுந்து பாவு இழைகளின் மேல் வேட்டியைப் போர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அத்தை சொல்லச் சொல்ல அவன் எழுதினான். காது குத்து நடந்த இடம், ஆட்டுக்கிடா வெட்டியது, அண்ணன் சொன்ன சொல். தனக்கு எதிரான ஒவ்வொரு வரியையும் அவன் குறைக்காமல் எழுதினான். ஒரு இடத்தில் அவளே மறந்ததை, வெற்றிலை மாற்றியதை, ஞாபகப்படுத்தினான். திரிஷா படியிறங்கி வந்து தோள் வழியாக எட்டிப் பார்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“பிரதர் மாமா நல்லாத்தான் எழுதறாரு. கேஸ் நம்ம பக்கம்தான் ஜெயிக்கும்மா” என்றாள்.

கடைசிக்கு வந்தபோது காந்தா நிறுத்தினாள். எழுதியது போதாது, அவன் என்ன சொல்கிறான் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்றாள். ஒரு பக்கம் மட்டும் கேட்டுப் பஞ்சாயத்துச் செய்வது தன் வழக்கம் இல்லை என்றாள்.

“நீ சொல்றா வாணா. கல்யாணம் வேணாம்னு நீயா சொல்றியா? இல்ல, அண்ணி வேண்டிக்கிட்டாங்க, சாமியாருங்க சொன்னாங்க, அப்படியே போய்க்கினு இருக்கியா?”

குருமடத்தில் இதே கேள்வியை வருடத்துக்கு இரண்டு முறை ஆன்ம குரு கேட்பார். அதற்கு அவனிடம் நல்ல வாக்கியங்கள் இருந்தன. இறைத்திட்டம், தியாகம், அர்ப்பணம். எல்லாம் புத்தகத்தில் வாசித்தவை. சொன்னால் குருவும் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்வார். அத்தையின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தைகளில் ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை. பேனாவை மூடினான்.

“காலையில அஞ்சு மணிக்கு மணி அடிப்பாங்க அத்த. எழுந்து போயி கோயில்ல அரை மணி நேரம் பேசாம உக்காந்திருக்கணும். பாதி நாளு எனக்குத் தூக்கம் வரும். மீதி நாளு இட்லிக்கு இன்னா சட்னின்னு நெனச்சிக்கினு இருப்பேன். பொய் சொல்லல. ஆனா உள்ள நுழையறப்போ, எனக்கு முன்னியே யாரோ எழுந்து வந்து எனக்காகக் காத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்கும். லேட்டா போனாலும் கோச்சிக்காத ஆளு. ஒன்பது வருஷத்துல அந்த ஆளு ஒரு நாளுகூட வராம இருந்ததில்ல. நான்தான் வராம இருந்திருக்கேன். கல்யாணத்துக்குப் பயந்து ஓடல அத்த. அங்கேர்ந்து எழுந்து வர எனக்கு மனசு இல்ல. அவ்ளோதான்.”

சாமியார் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்த ஏன்டா இத்தினி வருஷமா சொல்லல?” என்றாள் காந்தா.

“யாரும் இப்படிக் கேக்கலியே அத்த.”

“என்னியக்கூடத்தான் யாரும் கேக்கல” என்றாள் திரிஷா. அவள் கம்பெனியில் போன் பாகங்களைச் சோதித்து அனுப்புகிற வேலையில் இருக்கிறாள். எதையும் குறை கண்டுபிடிக்கிற கண். “மாமாவக் கட்டிக்கினா நான் டெய்லி அஞ்சு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணணும். நானே ஷிப்ட் முடிஞ்சி ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றேன். எனக்கு வேணாம்னு நானும் எழுதித் தரவா?”

தனசேகரன் வாசலில் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் வாயிலிருந்து வந்த நீளமான சத்தம் அதுதான்.

ஆனால் காந்தா அவ்வளவு சுலபத்தில் எழுந்துவிடவில்லை. பெண்ணுக்கு வேண்டாம், பிள்ளைக்கு வேண்டாம், சரி. அதனால் மொறை இல்லாமல் போய்விடுமா? அவர்கள் பக்கத்தில், மொறைப் பையன் வேறு இடத்தில் கட்டினால், அந்தப் பெண் வீட்டார் தட்டோடு வந்து, அத்தை வீட்டில் கேட்டு, மொறைப் பெண்ணுக்கு ஒரு சேலை வைத்து, மொறையைக் கழித்துவிட்டுத்தான் தாலி எடுப்பார்கள். அது பிள்ளை வீட்டார் செய்வதல்ல. கொண்டுபோகிறவர்கள்தான் செய்ய வேண்டும்.

“இங்க கொண்டுக்கினு போறது யாரு?” என்று கேட்டுவிட்டுச் சாமியாரை நேராகப் பார்த்தாள்.

கூடத்தில் இருந்த எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். வடிவு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா திகைப்பா என்று தெரியவில்லை. சாமியாருக்கு அறுபதை நெருங்கிய வயது. பல ஊரில் பங்கு பார்த்தவர். பெண் வீட்டாராக யாரும் அவரை இதுவரை அழைத்ததில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபையை மணமகள் என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே அந்த அம்மா கேட்பதில் தவறு இல்லை என்றார். புதன்கிழமை வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை விடியுமுன் கலைவாணன் தறிக்கூடத்தில் திருப்புகழ்மாலை என்கிற செபப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தான். விடுமுறையிலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். சங்கீதங்களைச் சொல்லி முடித்தான். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தது. நேற்றுத் தன் வாயிலிருந்து வந்ததை அவனே முதல்முறையாக நேற்றுத்தான் கேட்டான். சொன்ன பிறகு அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சோதித்தான். பதினேழு வயதில், ஏனாத்தூர்க் கூழ் ஊற்றுகிற நாளில், திரிஷா ஏதோ சொல்லிச் சிரித்ததும், அந்தச் சிரிப்பை ஒரு வாரம் மனசுக்குள் வைத்துக்கொண்டு அலைந்ததும் ஞாபகம் வந்தது. இதை எந்த ஆன்ம குருவிடமும் சொன்னதில்லை. இப்போது அதை எடுத்து முன்னால் வைத்தான். இதுவும் இருந்தது, நல்லாத்தான் இருந்தது என்றான். வைத்த பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை. காத்திருக்கிறவர் காத்திருந்தார். பக்கத்து வீட்டில் முதல் தறி தட்டத் தொடங்கியது. அம்மா எழுந்து வந்து, இடம் விடுடா, என் வேலையைக் கெடுக்காதே என்று அவனை நகர்த்திவிட்டுக் குழிக்குள் காலை இறக்கினாள். அவன் பக்கப் பலகைக்கு மாறி உட்கார்ந்து, பகல் வரை அவளுக்குக் கரை ஓட்டினான். பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபம் சொல்ல எழுந்தபோது, என்ன இளிக்கிறாய் என்று அவள் கேட்டாள். தான் சிரித்துக்கொண்டிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் சாமியார் தன் பழைய பைக்கை எடுத்தார். பின்னால் கலைவாணன், மடியில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கருநீலத்தில் ஒரு பருத்திச் சேலை. பட்டு வேண்டாம், துவைத்தால் அரை மணியில் காய்கிறதாக இருக்க வேண்டும் என்று திரிஷா முன்பே போனில் சொல்லிவிட்டாள். தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. ஏனாத்தூர் போகும் சாலையில் காற்று வெற்றிலையைத் தூக்கியது. கல்லூரிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கலைவாணன் இரண்டு கையாலும் தட்டை மூடி, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு போனான். சத்யராஜும் வடிவும் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். பிள்ளை வீட்டார் முன்னால் வரக்கூடாதாம்.

காந்தா வீட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அவள் தலை குளித்து நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள். சாமியாரைப் பாயில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பிறகு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெண் வீட்டாரிடம் கேட்கிற கேள்விகளை ஒன்றும் விடாமல் கேட்டாள்.

“வேளைக்குச் சோறு போடுவீங்களா? வெறும் வயித்துல இருந்தா அவனுக்குத் தலைவலி வரும்.”

“போடுவோம்மா.”

“ஒடம்பு சரியில்லன்னா பக்கத்துல யாரு இருப்பாங்க? வயசான காலத்துல?”

சாமியார் மோர்க் குவளையைக் கீழே வைத்தார். கோவிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அவர் தனியாக இருக்கிறார் என்பது அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். போன மழைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுபோனவள் வடிவுதான்.

“சில நாள் யாரும் இருக்க மாட்டாங்க” என்றார். “சில நாள் ஊரே இருக்கும். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகலம்மா.”

காந்தா அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. எழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். சேலையைத் திரிஷா எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கலர் ஓகே, டெஸ்ட் பாஸ் என்றாள். தனசேகரன் தேங்காயைத் தனியே எடுத்து வைத்தார். மொறை கழிந்தது.

ஞாயிறு எழுதிய காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று சத்யராஜ் கேட்டார். கூடாது என்றார் சாமியார். நடந்தது நடந்ததாகவே போக வேண்டும். அதன் அடியில், ‘முறைப்படி வந்து கேட்டார்கள். மறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்’ என்று கலைவாணன் எழுத, காந்தா எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து, இனி உன்னுடையதை எழுது, நான் பார்க்கிறேன் என்றாள்.

திரிஷாவின் பழைய பரீட்சை அட்டை வந்தது. குருமடத்தில் கொடுத்த மாதிரி வாசகம் அவனுக்கு மனப்பாடம். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், முழு அறிவோடு. இந்த வரிகளை வீட்டில் இரண்டு முறை எழுதிப் பார்த்து இரண்டு முறையும் கிழித்துப் போட்டிருந்தான். அப்போது பேனா ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று ஓடியது. இப்போது நிற்கவில்லை. பிரான்சிஸ் கலைவாணன் ஆகிய நான் என்று தொடங்கி ஒரே மூச்சில் எழுதினான். மாதிரியில் இருந்தது முடிந்ததும் ஒரு வரியைத் தானாகச் சேர்த்தான்: ‘எனக்காகக் காத்திருப்பவரிடம் நானும் போய் இருக்க விரும்புகிறேன்.’ சாமியாரிடம் காட்டினான். இப்படி ஒரு வரி வழக்கத்தில் இல்லை என்றார் அவர். பிறகு, இருக்கட்டும் என்றார்.

படிவம், அத்தையின் காகிதம், விண்ணப்பம், மூன்றும் உறைக்குள் போயின. ஈரக் காற்றில் உறையின் பசை பிடிக்கவில்லை. காந்தா உள்ளே போய்ச் சோற்றுப் பருக்கை நாலு கொண்டுவந்து, விளிம்பில் வைத்து நசுக்கித் தேய்த்து, கட்டை விரலால் முனையிலிருந்து முனைவரை அழுத்தி மூடினாள். ஆயருக்குப் போகிற கடிதத்தில் சோறா என்று வடிவு முனகினாள். ஆயர் சோறு சாப்பிட மாட்டாரா என்று கேட்டாள் காந்தா. இரண்டு பேரும் மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

பெரிய தபாலாபீசில் விரைவுத் தபால் வாங்குகிற நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. தனசேகரன் ஒரு வார்த்தை பேசாமல் தன் பைக்கை உதைத்துக் கிளப்பி, பின்னால் உட்காரச் சொல்லித் தலையை ஆட்டினார். காற்றுக்கு எதிராக அவர் அப்படி ஓட்டுவார் என்று அவன் நினைத்ததில்லை. பஸ் நிலையத்து நெரிசலில் இரண்டு ஆட்டோவுக்கும் ஒரு மாட்டுக்கும் நடுவே நுழைந்து வெளியே வந்தார். கலைவாணன் சட்டைக்குள் உறையை வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு, உரக்கவே செபம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கவுன்டரில் இருந்த பெண் உறையை எடை பார்த்து, முகவரியை அடித்து, பட்டைச் சீட்டை ஒட்டி, சரிதானா என்று பார்க்க அவனிடம் நீட்டினாள். அழகான கையெழுத்து என்றாள். நாளைக்குப் போய்விடுமா என்று கேட்டான். போய்விடும் என்றாள். உறையை எடுத்துப் பின்னால் திறந்திருந்த பைக்குள் போடத் திரும்பியவள், திரும்ப முடியாமல் நின்றாள்.

“சார்” என்றாள், “நீங்க உட்டாத்தான் சார் போகும்.”

உறையின் மறு ஓரம் இன்னும் அவன் விரல்களுக்குள் இருந்தது. அதை ஒரு முறை பார்த்தான். பிறகு விட்டான்.